பிள்ளைத்தாய்ச்சி எதை உண்பது, எதை விடுவது: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கர்ப்பம் உறுதியானதும் ஒரு பெண்ணுக்கு உணவு பற்றிய அறிவுரை மூன்று திசைகளிலிருந்து வந்து சேரும். வீட்டில் அம்மாவும் மாமியும் சூடு, குளிர், கிரந்தி (தோலில் தடிப்பும் அரிப்பும் கிளப்புவது) என்று ஒரு வரிசையைச் சொல்வார்கள். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர், இரத்தம் போதாது, மீனும் முட்டையும் கீரையும் கூடச் சாப்பிடுங்கள் என்பார். கைத்தொலைபேசியில் தேடினால், புகையூட்டிய சால்மன், மென்மையான பாலாடைக்கட்டி என்று நம்மூர்க் கடைகளில் தேடினாலும் கிடைக்காத பண்டங்களின் பட்டியலொன்று வரும். மூன்றுக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டால் தட்டில் சோறும் பருப்பும் பாணுமே மிஞ்சும். கிருமிக்குத் தப்பிய பெண் இரத்தச்சோகையில் போய் விழுவாள். முதற்பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் குடும்பங்கள் ஓர் உணவைத் தாமே நிறுத்துப் பார்த்து முடிவெடுப்பதற்கான முறை இங்கே படிப்படியாகச் சொல்லப்படுகிறது. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், உணவு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதற்கு மேலாக வைத்தியரின் சொல்லே நிற்கும்.

முதற் படி: நான்கு கேள்விகள்

ஓர் உணவு கைக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். இதனால் கேடு வரும் வாய்ப்பு எவ்வளவு? வந்தால் தாயையும் பிள்ளையையும் எவ்வளவு பாரமாகத் தாக்கும்? இதை விட்டால் எந்தச் சத்தை இழக்கிறேன், அதற்கு வேறு வழி உண்டா? கடைசியாக, இந்தக் கேட்டை நெருப்பு தீர்த்துவிடுமா?

முதல் இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கடைச் சாப்பாட்டால் வரும் வயிற்றோட்டம் அடிக்கடி வருவது, ஆனால் பெரும்பாலும் சில நாட்களில் மாறிவிடுவது. லிஸ்டீரியா என்ற கிருமியால் வரும் நோய் அரிது. ஆனால் கர்ப்பிணிகளை அது மற்றவர்களைவிட ஏறத்தாழ 10 மடங்கு கூடுதலாகப் பிடிக்கிறது, தாய்க்கு இலேசான காய்ச்சலாக மட்டும் தெரிந்துவிட்டுக் கருச்சிதைவுக்கோ, பிள்ளை வயிற்றுக்குள்ளேயே இறப்பதற்கோ காரணமாகிவிடும். தென்னாபிரிக்காவில் 2017இலும் 2018இலும் பரவிய லிஸ்டீரியா நோய் 1,060 பேரைப் பிடித்து 216 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பச்சிளங்குழந்தைகள் பலர். காரணம் பொலனி என்னும், சமைத்து விற்கப்பட்ட ஒருவகை இறைச்சிப் பண்டம். இந்தக் கிருமி குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடியது என்பதால், 'பிரிட்ஜுக்குள்தானே இருந்தது' என்ற ஆறுதல் இங்கே செல்லாது.

நான்காவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. எனது கணிப்பில் நம்முடைய அடுக்களைக்கு மிகவும் உதவுவது அதுவே. கிருமிகள் நெருப்புக்கு அஞ்சும்: லிஸ்டீரியா, சல்மொனெல்லா, பூனையின் மலத்தால் பரவும் டொக்ஸோபிளாஸ்மா, பாலில் வரும் புரூசெல்லா யாவும் உணவின் நடுப்பகுதி நன்றாகச் சூடேறினால் செத்துவிடும். ஆனால் சில நஞ்சுகள் நெருப்புக்கு அஞ்சாதவை. பெரிய மீனில் சேரும் பாதரசம், வெயிலில் கிடந்த மீனில் உண்டாகும் ஹிஸ்டமின், ஆறிக் கிடந்த சோற்றில் ஒருவகைக் கிருமி விட்டுச்செல்லும் நஞ்சு, பேத்தை மீனின் நஞ்சு ஆகியவை எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும். முதல் வகையை அடுப்பில் வைத்துத் தீர்க்கலாம், இரண்டாவது வகையைச் சந்தையிலேயே தீர்க்க வேண்டும்.

இரண்டாம் படி: தண்ணீர்

உணவைப் பற்றி மணிக்கணக்காக யோசித்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. கரையோர மணலில் தோண்டிய கிணறுகள் ஆழம் குறைந்தவை, மலசலகூடக் குழிகளும் தூரத்தில் இல்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வந்தது போன்ற வெள்ளத்தில், இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். அசுத்தமான தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஈ என்ற செங்கமாரி, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தானாகவே மாறுகின்ற நோய். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது பிடித்த பெண்களில் 20 முதல் 25 சதவீதம் வரையானோர் இறக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளிநாட்டுப் பட்டியல்களின் உச்சியில் இது இருப்பதில்லை. நம் பட்டியலில் இதுதான் முதலில் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது எளிது. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். பிறகு அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, கோப்பையை உள்ளே அமிழ்த்தாமல் சரித்து ஊற்ற வேண்டும். பல் துலக்கவும், பச்சையாகத் தின்னும் இலைகளையும் பழங்களையும் கடைசியாக அலசவும் இந்தத் தண்ணீரே நல்லது. வெள்ளம் வடிந்ததும் கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவதற்குப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள். வெளியில் தாகம் எடுத்தால், ஐஸ் போட்ட சர்பத்தைவிடக் கண்முன்னே வெட்டிய இளநீர் நல்ல தெரிவு. கத்தி சுத்தமாக இருந்தால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: மீன்

வாவியும் கடலும் இருபுறமும் கிடக்கும் ஊரில் மீனை விட்டுவிடு என்பது நல்ல அறிவுரை ஆகாது. பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய கொழுப்பும், அயடீனும், புரதமும் மலிவாகக் கிடைப்பது மீனில்தான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்கு வாரத்தில் 225 முதல் 340 கிராம் வரை பாதரசம் குறைந்த மீனைச் சாப்பிடச் சொல்கிறது. ஆகவே எந்த மீன் என்பதும், எப்படி வந்த மீன் என்பதுமே கேள்விகள்.

எந்த மீன் என்பதற்கு ஒரு விதி போதும்: பெரிதாகவும் நெடுநாள் வாழ்ந்தும் மற்ற மீனைத் தின்று வளர்ந்த மீனில் பாதரசம் கூடும், சிறிய மீனில் குறையும். மேற்சொன்ன நிர்வாகத்தின் அளவீட்டில் சுறாவின் சராசரி 10 இலட்சத்தில் 0.979 பங்கு, சாளை இனத்தின் சராசரி 0.013 பங்கு, ஏறத்தாழ 75 மடங்கு வித்தியாசம். பாதரசம் தாயை அதிகம் தொடாமலே பிள்ளையின் நரம்புகளைத் தாக்கும் என்பதை ஜப்பானின் மினமாட்டாவில் உலகம் கண்டது; 1956இல் அந்நோய் அடையாளம் காணப்பட்ட பிறகு, பெரிதாக நோய் தெரியாத தாய்மாரின் பிள்ளைகள்கூடக் கடுமையான பாதிப்போடு பிறந்திருப்பது தெரியவந்தது. அது தொழிற்சாலைக் கழிவால் வந்த மிகப் பெரிய அளவு, நம் கடல் மீனுக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் எந்தப் பக்கம் கேடு சாய்கிறது என்பதை அது காட்டுகிறது.

இங்கே நம் வழக்கத்தோடு ஓர் உரசல் வருகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று சுறா வறையைக் கொடுப்பது கிழக்கிலும் வடக்கிலும் ஊறிய பழக்கம். சில வீடுகளில் கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடுகிறார்கள். பால் சுறா சிறியது, வயதும் குறைந்தது என்பதால் ஆழ்கடற் சுறாவைவிட அதில் பாதரசம் குறைவாக இருக்கலாம்தான். ஆனால் துண்டு போட்டு விற்கும் சந்தையில் எது பால் சுறா, எது பெரியதன் குட்டி என்று யார் பிரித்துச் சொல்வது? தாய்ப்பால் பெருகுவது பிள்ளை அடிக்கடி உறிஞ்சுவதால். அதற்குச் சுறாதான் வேண்டும் என்றில்லை, அதே வறையை நெத்தலியிலோ வேறு சிறு மீனிலோ செய்தால் புரதமும் குறையாது, மாமியின் மனமும் நோகாது. சுறாவையும் மயில் மீனையும் கொப்பரன் போன்ற பெரிய ஆழ்கடல் மீன்களையும் இந்த மாதங்களில் ஒதுக்கிவிடுவதே என் தீர்ப்பு. அறக்குளாவின் உறவான ஒரு பெரிய மீன் அமெரிக்கப் பட்டியலில் தவிர்க்க வேண்டியதாக இருப்பதால், அறக்குளாவை விசேட நாளுக்கு ஒரு துண்டு என்று வைத்துக்கொள்ளலாம். நெத்தலி, சூடை, கீரி, சாளை, ஒட்டி, மணலை, இறால், நண்டு ஆகியவற்றில் பாதரசத்துக்காகப் பயப்படத் தேவையில்லை. டின்மீனில் பெரும்பாலும் சிறிய இனங்களே வருகின்றன. திறந்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி அன்றைக்கே முடித்துவிடுங்கள். பேத்தையை எவர் எப்படிச் சுத்தம் செய்து தந்தாலும் தொடக் கூடாது.

எப்படி வந்த மீன் என்பது இன்னும் முக்கியம். கல்லடியிலோ வாழைச்சேனையிலோ விடியற்காலையில் தோணி இறங்கும் இடத்தில் வாங்கிய சூரையும், பதினொரு மணி வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டியில் ஐஸ் கரைந்த தண்ணீரோடு வாசலுக்கு வந்த சூரையும் பெயரளவில்தான் ஒரே மீன். சூரை, சாளை, கீரி போன்ற சிவந்த சதையுள்ள மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். அதைச் சமைத்தாலும் போகாது, சாப்பிட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் முகம் சிவந்து, தலையிடித்து, தடிப்பும் படபடப்பும் சத்தியும் வரும். ஊரில் இதைப் 'சூரை கிரந்தி' என்று மீனின் குணத்தில் போட்டுவிடுகிறார்கள்; பல வேளைகளில் குற்றம் ஐஸ் இல்லாத பெட்டியினுடையது. வாங்குமுன் செவுளைத் தூக்கிப் பாருங்கள், கருஞ்சிவப்பாக ஈரமாக இருக்க வேண்டும், மண்ணிறமாகிச் சளி பிடித்திருக்கக் கூடாது. கண் குழியாமல் தெளிந்திருக்க வேண்டும். வயிற்றை விரலால் அழுத்தினால் பள்ளம் மீள வேண்டும். பெட்டியின் அடியில் கையை விட்டுப் பாருங்கள், ஐஸ் கட்டியாக இருக்கிறதா, வெதுவெதுப்பான தண்ணீர்தான் இருக்கிறதா என்று கை சொல்லும். வியாபாரி முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நான்காம் படி: பாலும் தயிரும்

பட்டியிலிருந்து போத்தலில் வரும் பால் பொங்கி எழும்வரை காய்ச்சப்பட வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. காய்ச்சாத பாலில் லிஸ்டீரியாவோடு, கால்நடையில் கன்று அழிவதற்குக் காரணமாகும் புரூசெல்லாவும் இருக்கலாம், அது பெண்ணுக்கும் கருச்சிதைவை உண்டாக்கக்கூடியது. மாவாக வாங்கும் பாலில் இந்தப் பயம் இல்லை, கொதித்தாறிய தண்ணீர் மட்டும் வேண்டும்.

சட்டித் தயிர் இவ்வளவு எளிதில் முடிவுக்கு வராது. எருமைத் தயிர் நம் மாவட்டங்களின் பெருமை, கல்சியமும் புரதமும் நிறைந்தது, அதன் புளிப்பே பல கிருமிகளை அடக்கும். ஆனால் எல்லாவற்றையும் அல்ல. ஆகவே பாலைக் காய்ச்சி உறை ஊற்றினார்களா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். தெரிந்த வீட்டில் வாங்குபவர்களுக்கு இது கூச்சமான கேள்வியல்ல: 'அக்கா, வீட்டில பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறா, பால் காய்ச்சித்தானே உறைய வச்சீங்க?' என்றால் நேரே பதில் வரும். பதில் தெளிவில்லாமல் இருந்தாலோ, தெருவோரத்தில் நெடுநேரம் வெயிலில் இருந்த சட்டியாக இருந்தாலோ, அதைக் கறிக்குள் விட்டுக் கொதிக்க வைத்துத் தீர்த்துவிட்டு, பச்சையாகச் சாப்பிட வீட்டிலேயே உறைய வையுங்கள்.

ஐந்தாம் படி: முட்டையும் இறைச்சியும்

முட்டையை விட வேண்டாம், அரைவேக்காட்டை விடுங்கள். பூப்படைந்த பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்த பழக்கத்தில், பிள்ளைத்தாய்ச்சிக்கும் முட்டைக் கோப்பி அடித்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு; அதே முட்டையை வெள்ளையும் மஞ்சளும் கட்டியாகும்வரை அவித்தால் சத்தில் ஒன்றும் குறையாது, சல்மொனெல்லாவும் போய்விடும். கோழியைப் பிரித்துப் பார்த்தால் எலும்போரத்தில் சிவப்பு இருக்கக் கூடாது, வெப்பமானி உள்ளவர்கள் 74 பாகை செல்சியசைப் பார்க்கலாம். நம்முடைய இறைச்சிக் கறிகள் நெடுநேரம் கொதிப்பவை, அவற்றில் ஆபத்துக் குறைவு. சொசேஜ், மீற்போல்ஸ் போன்றவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே கடிக்காமல் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். பச்சை இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் அப்படியே வெங்காயம் நறுக்கிச் சம்பல் போடுவதுதான் வீட்டில் நடக்கும் மிகச் சாதாரணமான பிழை.

ஈரல் பற்றி இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரும்புச்சத்து அதில் மிகுதி. ஆனால் விற்றமின் ஏயும் மிகுதி. கர்ப்ப காலத்தில் நாளொன்றுக்கு 10,000 சர்வதேச அலகுவரை பாதுகாப்பு என்று கொள்ளப்படும்போது, 100 கிராம் மாட்டு ஈரலில் அதைத் தாண்டிய அளவு இருக்கும், மிகையானால் பிள்ளையின் உறுப்பு அமைப்பைப் பாதிக்கலாம். பிரித்தானியச் சுகாதார சேவை கர்ப்பிணிகளை ஈரலைத் தவிர்க்கச் சொல்கிறது. கிளினிக்கில் இரும்பு மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் நாட்டில், இரத்தத்துக்காக ஈரலைத் தேட வேண்டியதில்லை. மாத்திரையைத் தேநீரோடு மட்டும் விழுங்காதீர்கள், தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். தேசிக்காய்த் தண்ணீர் உதவும்.

ஆறாம் படி: இலையும் பழமும், பெரியவர்களின் பட்டியலும்

வல்லாரை வயல்வரம்பிலும் பள்ளத்திலும் வளர்வது, அந்த நிலத்தில் மாடும் பூனையும் திரியும், வெள்ளமும் பாயும். அதைப் பச்சைச் சம்பலாக அரைப்பதைவிட, பலமுறை அலசிச் சட்டியில் ஒருதடவை நன்றாகச் சூடுகாட்டிச் சுண்டலாக்குவது இந்த மாதங்களுக்குப் பொருத்தம். தேங்காய்ச் சம்பலை அரைத்த வேளையிலேயே முடித்துவிடுங்கள். மரவள்ளியைத் தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டால் போதும். கைப்பாக இருந்தால் வேண்டாம்.

பப்பாசியும் அன்னாசியும் பிள்ளையைக் கலைக்கும் என்ற அச்சத்தில் பாதியே உண்மை. பச்சைப் பப்பாசிக்காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்யலாம் என்பதற்கு விலங்குகளில் செய்த ஆய்வுகள் இடம் தருகின்றன, ஆகவே காயை விடுவது சரி. நன்றாகப் பழுத்ததில் அந்தப் பால் மிகக் குறைவு. அன்னாசியைச் சாதாரண அளவில் சாப்பிடுவதால் கேடு வருவதற்குச் சான்றில்லை. ஆனால் இந்த இரு பழங்களையும் விட்டாலும் பெரிய இழப்பில்லை, மாம்பழமும் கொய்யாவும் இருக்கின்றன. எனவே மாமியோடு இதற்காக வாதாடுவது வீண். கிரந்தி என்று மீனையும், குளிர் என்று கீரையையும், பிள்ளை பெருத்துவிடும் என்று சோற்றையும் நிறுத்தும்போதுதான் மரியாதையோடு மறுக்க வேண்டும், ஏனெனில் அங்கே இழப்பு பெரிது. அடுத்த கிளினிக்குக்கு மாமியையும் அழைத்துச் சென்று, குடும்பநல உத்தியோகத்தரின் வாயாலேயே அதைச் சொல்லவைப்பது பல வீடுகளில் பலித்த வழி.

ஏழாம் படி: கடைச் சாப்பாடும் மிஞ்சிய சோறும்

சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணித்தியாலம் மட்டுமே என்பது பொதுவிதி. நம் கோடைப் பகல்களில் இரண்டாவது கணக்குத்தான் பொருந்தும். காலையில் கட்டி மதியம்வரை மேசையில் கிடக்கும் சோற்றுப் பார்சலைவிட, கண்முன்னே தகட்டில் கொத்தி ஆவி பறக்கத் தரும் கொத்துரொட்டி பாதுகாப்பானது. அதற்கு ஊற்றும், இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்த குழம்பையும் பச்சை வெங்காயத்தையும் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கல்யாண வீட்டுப் புரியாணி சஹன் (பலர் சேர்ந்துண்ணும் பெரிய தட்டு) இறக்கியதும் சூட்டோடு சாப்பிட நல்லது, இரவுக்குக் கட்டிக்கொண்டு வரும் மீதிதான் சந்தேகத்துக்குரியது. கண்ணாடிப் பெட்டியில் ஈ மொய்க்கும் மாலைநேர ரோல்ஸை விடுவதால் எந்தச் சத்தும் போய்விடாது.

பழஞ்சோற்றைத் தடைசெய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரவுச் சோறு மணிக்கணக்காகச் சூட்டில் கிடந்து பிறகு தண்ணீர் கண்டால், சோற்றுக் கிருமியின் நஞ்சு முன்பே உண்டாகியிருக்கும். சோற்றைப் பரப்பி விரைவாக ஆறவைத்து, கொதித்தாறிய தண்ணீர் ஊற்றி, வசதியுள்ளவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையிலேயே சாப்பிட வேண்டும். சோறு நூல்விட்டாலோ மணம் மாறினாலோ கோழிக்குப் போடுங்கள்.

சாப்பிட்டுவிட்ட பிறகு

தவிர்க்க வேண்டியதைத் தெரியாமல் ஒருதடவை சாப்பிட்டதற்காக நித்திரையைக் கெடுக்க வேண்டாம். ஒரு துண்டுச் சுறாவால் பிள்ளைக்குக் கேடு வந்துவிடாது, பாதரசம் நாட்பட்ட பழக்கத்தால் சேர்வது. உடலைக் கவனியுங்கள். இலேசான வயிற்றோட்டத்துக்கு ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் காய்ச்சல், இரத்தம் கலந்த வயிற்றோட்டம், குடித்ததெல்லாம் சத்தியாவது, சிறுநீர் குறைவது, கண் மஞ்சளாவது, பிள்ளையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் சேவை இலவசம். கர்ப்பப் பதிவேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியர் கேட்காவிட்டாலும் அண்மையில் சாப்பிட்ட காய்ச்சாத பால், தெருவோரத் தயிர், சூடாக்காத சொசேஜ் பற்றிச் சொல்லுங்கள். நேற்றைய உணவை மட்டுமல்ல, போன மாதத்தையும் சேர்த்தே, ஏனெனில் லிஸ்டீரியா உடலுக்குள் போய் 70 நாட்கள் கழித்துக்கூட நோயாக வெளிப்படக்கூடும், வேளைக்குக் கண்டுபிடித்தால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் பிள்ளையையும் காக்கலாம்.